எல்லோருக்கும் சைவம்

ஜூன் 14, வெள்ளி

மகள் அனுஷாவுக்குக் காலையிலிருந்து வாந்தி. லிபின் மலிவாகக் கிடைத்ததென்று நேற்று வாங்கி வந்த சாளை மீன்தான் காரணம். அவரே சொன்னார்: “நல்ல மீனு வாங்க நமக்குக் கட்டாது. கெட்டத தின்னவும் வேண்டாம். மீனு, எறச்சி, முட்ட எல்லாம் நிப்பாட்டிருவோம்.”

மாதத்தில் ஒருநாள் மட்டும் நல்லதாக வாங்கலாமே என்றேன்.

“ருசி காட்டினா பிள்ள விடாது ஜெஸ்லி.”

நியாயமாகத்தான் பட்டது.

ஜூன் 30, ஞாயிறு

பக்கத்து வீட்டில் கோழி வறுக்கிற வாசம். அனுஷா படியிலேயே நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஜூலை 18, வியாழன்

தையல் கடையில் தலை சுற்றி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன். ரத்தம் ரொம்பக் குறைவாம். முட்டையாவது சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் சொன்னேன்.

“எல்லாரும்தான தின்னாம இருக்கோம். உனக்கு மட்டும் தனியாவா?”

எல்லாரும் என்றதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நூல் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு ஹோட்டலில் முதல் மேஜையிலேயே லிபின். பரோட்டா, பீஃப் ரோஸ்ட். பரிமாறுகிறவன் மலையாளத்தில் கேட்கிறான்: “ஒரு பிளேட் கூடி எடுக்கட்டே சேட்டா? எந்நும் ரெண்டல்லே?”

தினமும் இரண்டு பிளேட்!

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏன் உள்ளே போகவில்லை? பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். தப்பு செய்தவள் நானா?

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தலைகூடக் குனியவில்லை. “வெளிய வேல செய்யுறவனுக்குத் தெம்பு வேண்டாமா?”

அப்ப நான்? நாள் பூரா மெஷின் மிதிக்கேனே, எனக்குத் தெம்பு வேண்டாமா? அந்தப் பிள்ளைக்கு? கெட்டத தின்ன வேண்டாம்னு எவ்வளவு அக்கறையாப் பேசினாரு! நானும் தலையாட்டினேனே —

ஆகஸ்ட் 7

வழக்கம்போல அவருக்குப் பரிமாறினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று வாங்கிய சம்பளத்தை இந்த முறை அவரிடம் கொடுக்கவில்லை. காலையில் விழிஞ்ஞம் போய் அன்று பிடித்த மீனாகப் பார்த்துக் கொஞ்சம் வாங்கினேன். தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன்.

நானும் அனுஷாவும் சாப்பிட உட்கார்ந்தபோது லிபின் வந்தார். சட்டியைத் திறந்தார். மீன் துண்டு இல்லை, குழம்பு மட்டும்தான் இருந்தது. என்னைப் பார்த்தார். எப்போதும் எழுந்து பரிமாறுவேன், இன்று எழவில்லை. முள் நீக்கிய மீனை அனுஷாவின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டியை மூடிவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.