திரிகால மணியும் சிவப்புச் சாவியும்

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
அக்டோபர் 19, ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் கிளாட்வினுக்கு மம்மி எழுதுவது.

நீயும் ஜெர்லினும் குட்டி மிஷெலும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். முழுச் சுகம். இதை ஏன் இரண்டு தடவை எழுதுகிறேன் என்றால், கடிதத்தின் நடுவில் ஒரு செய்தி வரும், அதைப் படித்தவுடன் நீ போனை எடுக்கக் கூடாது, கையெழுத்து வரை படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

மழை வியாழக்கிழமை தொடங்கிவிட்டது, மாடியில் காயப்போட்ட வற்றல் பாதி போயிற்று. உன் தங்கை அனுஜா சென்னையிலிருந்து தீபாவளி விடுமுறைக்கு வருகிறேன் என்றாள், டிக்கெட் கிடைக்கவில்லையாம். ஃபிராங்க்ளின் சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், அதனால் என் வீட்டுச் சுவரில் எங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல சீலா மீன் வருகிறது. வீட்டு வேலைக்கு முத்துமாரி வழக்கம்போல் காலையில் வந்து சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டுப் போகிறாள்.

இனி நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ட்ரெட்மில்லுக்கு வருகிறேன். ஜூன் மாதம் நீ புறப்படும்போது என்ன சொன்னாய் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. ரோட்டில் லாரியும் நாயும், அதனால் வீட்டுக்குள்ளேயே நடங்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், சர்க்கரை குறைந்து கால் பலமானால் இந்த வீட்டிலேயே இருங்கள், ஆனால் ஒரு தரம் விழுந்தாலும் பேச்சே கிடையாது மம்மி, சென்னையில் அனுஜா வீடுதான் என்றாய். பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் காக்காய்கூட எட்டிப் பார்க்காத உயரம். நான் சரி என்றேன். ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான், கான்வென்ட்டில் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்.

மெஷினோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். நீ படித்திருக்க மாட்டாய். அதில் இங்கிலீஷில் பதினொரு பிழை, எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். ஆனால் விஷயம் சரியான விஷயம். பெல்ட்டின்மேல் நின்றுகொண்டு ஸ்விட்சைப் போடக் கூடாது, இரண்டு ஓரத்துப் பலகையிலும் கால் வைத்து நின்று, பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். அதை நான் முதல் நாளிலிருந்தே செய்தேன். செய்யாதது உடை விஷயம். மூன்று வாரம் சேலையிலேயே நடந்தேன், கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு. ஒரு நாள் முந்தானை நழுவி பெல்ட் ஓரத்தில் உரசியதும் பயந்துவிட்டேன். அன்று முதல் அனுஜாவின் பழைய சுடிதார், காலில் நீ வாங்கித் தந்த ஷூ, ஜன்னலுக்குத் திரை. எழுபத்தாறு வயதில் சுடிதார் போட்டவள் என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, முத்துமாரியைத் தவிர, அதாவது தெரு முழுக்கத் தெரியும்.

ஆகஸ்டில் மெஷின் கிறீச்சிட ஆரம்பித்தது. அது சித்தப்பா காதில் விழுந்தது. முப்பது வருஷம் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவர், ஒரு மெஷின் கத்தினால் சும்மா இருப்பாரா. எந்த என்ஜினா இருந்தாலும் அது கேக்குறது எண்ணெயத்தான் மதினி, நீங்க அங்கன தள்ளி நில்லுங்க என்று சொல்லிவிட்டு, மோட்டார் படகுக்கு ஊற்றுகிற ஆயிலைக் கொண்டுவந்து பெல்ட்டின் இரண்டு பக்கமும் தாராளமாக ஊற்றிவிட்டார். கிறீச் சத்தம் நின்றது. மறுநாள் பெல்ட்டும் நின்றது. நின்று நின்று வழுக்கியது, வீடெல்லாம் மீன்பிடித் துறைமுகத்து வாடை. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து வன்னியபெருமாள் என்று ஒரு மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். குனிந்து மோந்து பார்த்துவிட்டு, இதை ஓட்டிக்கிட்டு மணப்பாட்டுக்கு மீன் பிடிக்கவா போனீங்க, யாரு இந்த வேலையப் பார்த்தது என்று கேட்டார். சித்தப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார், பேப்பர் தலைகீழாக இருந்தது.

அந்த அண்ணாச்சி பெல்ட்டை மாற்றிப் போட்டுவிட்டுச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், நீயும் உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒன்று வைத்திருக்கிறாய். இதற்கு சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான், அதுவும் பெல்ட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பலகைக்குச் சில சொட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்னால் இருக்கும் திருகை எல் சாவியால் கால் சுற்று திருப்ப வேண்டும், அதற்குமேல் கை வைக்கக் கூடாது, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. நம் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், அதனால் நடந்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து, ஈரமில்லாத துணியால் கம்பிகளையும் துடைத்து, மேலே விரிப்புப் போட வேண்டும். சுவரில் இருக்கும் பிளக்கிலேயே நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகாது. இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மெஷினுக்குப் பின்னால் டாடியின் எழுத்து மேஜை ஒட்டிக் கிடந்தது. எனக்கு அதை நகர்த்த மனமில்லை. நீங்க விழுந்தா அது பிடிக்குமாம்மா, மண்டையத்தான் உடைக்கும் என்று சொல்லி, சித்தப்பாவையே ஒரு பக்கம் பிடிக்க வைத்து மேஜையை முன்னறைக்கு நகர்த்திவிட்டார். பின்னால் ஆறடி வெறும் தரை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், இப்போதுதான் செய்தி வருகிறது.

போன மாதம் முப்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நான் வழக்கமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிடுவேன். அன்று கரண்ட் போய் ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கையில் ஜெபமாலை, அதில் மூன்றாவது பத்து மணியை உருட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய கோவிலில் ஆறு மணிக்கு, மூன்று வேளை ஜெபத்துக்கும் அடிக்கிற அந்தத் திரிகால மணி அடித்தது. எங்கள் கான்வென்ட்டில் மதர் ஜெனோவேவா போட்ட சட்டம், மணி கேட்டால் எங்கே இருக்கிறாயோ அங்கேயே நில். விளையாட்டு மைதானத்தில் பந்து கையை விட்டு உருண்டு கடலுக்கே போனாலும் நாங்கள் முப்பது பெண்களும் அசைய மாட்டோம். எழுபது வருஷமாக அந்த மணிக்கு நான் நின்றிருக்கிறேன், சமையலறையில் நின்றிருக்கிறேன், மீன் கடையில் நின்றிருக்கிறேன், உன்னைப் பெற வலி எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதும் நின்றேன், உன் டாடி தலையில் அடித்துக்கொண்டார். அன்றும் நின்றேன். கம்பியை விட்டு, கையைக் குவித்து, தலை குனிந்து நின்றேன். நான் நின்றேன், தரை நிற்கவில்லை.

ஆம், மகனே, விழுந்தேன். ஒழுங்காகப் படி. பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது போலத்தான் விட்டது, முழங்கை மட்டும் ஓடுகிற பெல்ட்டில் உரசித் தோல் போயிற்று. எலும்புக்கு ஒன்றும் இல்லை, படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. டாடியின் மேஜை அங்கே இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அனுஜா எழுதியிருப்பாள். முத்துமாரி கரண்டியோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். யம்மோ, மெஷினு உங்களத் துப்பிட்டுல்லா என்று கத்தினாள், குடிகாரன்கூடத் தள்ளிவிடுறதுக்கு முந்தி ஒரு சத்தம் போடுவாம்மா, இது கமுக்கமால்லா தள்ளுது என்றாள். நான் கையைக் காட்டி அவளை இருக்கச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பெல்ட் ஏன் தானாக நிற்கவில்லை என்று கேட்பாய். அந்தச் சிவப்புச் சாவி மெஷினில் இருந்தது, விழும்போது அதை உருவி பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றின் கிளிப் என் உடையில் இல்லை. நீ ஜூனில் மாட்டிக் காட்டினாய், நான் தலையாட்டினேன், நீ விமானம் ஏறியதும் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டேன். கட்டிப்போட்ட ஆடு மாதிரி கயிற்றோடு நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இது ஒரு தப்பு. அடுத்த ஞாயிறு நீ வீடியோவில் என் முழங்கைப் பிளாஸ்திரியைப் பார்த்து என்ன என்று கேட்டாய், ரோஜா முள் என்றேன். அது இரண்டாவது தப்பு, ஜெபமாலை மாதத்தில், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு. நேற்றுப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் இருமினார், சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு, உங்க மகன்கிட்ட முழுசாச் சொல்லுங்கம்மா, அதுதான் உங்களுக்கு அபராதம் என்றார். ஆகவே நீ படிப்பது கடிதம் மட்டும் இல்லை.

என் வெட்கத்தை மாற்றியது ஃபிராங்க்ளின் சித்தப்பா, எண்ணெய்க்கு அவர் செய்த பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள். விழுந்த மறுநாள் வந்து, ஆட்டுக்கயிறா, என்ன மதினி இப்படிப் பேசுதீக, நம்ம தாத்தா முத்துக்குளிக்க இறங்கும்போது இடுப்புல கயிறு கட்டாமலா இறங்குனாரு, அந்தக் கயித்த மச்சினன் கையிலதான் குடுப்பாக, தங்கச்சி தாலிக்காக அவன் அசந்து தூங்க மாட்டாம்லா என்று கேட்டார். அன்றிலிருந்து கிளிப் என் கழுத்தில் கிடக்கும் மாதா உத்தரியத்துக்குப் பக்கத்தில், சட்டை நெஞ்சில். தொடங்குமுன் சிலுவை அடையாளம், அடுத்து சாவி, அடுத்துதான் ஸ்விட்ச். கயிற்றை இழுத்தால் நிற்கிறதா என்று திங்கள்தோறும் சோதித்துப் பார்க்கிறேன். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் இறங்கிவிடுகிறேன், கரண்ட் தாமதமாக வந்தால் அன்று ஜெபத்துக்குப் பிறகுதான் நடை. ஜெபமாலையையும் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்கிறேன், இரண்டு கையும் மெஷினுக்கு வேண்டும், இரண்டு கையும் மாதாவுக்கும் வேண்டும்.

இனி நல்ல செய்தி. மூன்று மாதச் சர்க்கரை எட்டரையிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டது, டாக்டர் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். போன ஞாயிறு கைப்பிடி தொடாமல் கோவில் படி ஏறினேன், ஆத்தூர்க்காரி ஒருத்தி என்னைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன்.

இப்போது உன் விஷயம். போன வாரம் நீ ஓடுவதை மிஷெல் எனக்கு வீடியோவில் காட்டினாள். நீ ஓடினாய், நன்றாகத்தான் ஓடினாய், ஆனால் உன் சிவப்புக் கயிறு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே இடம், நான் மாட்டிவைத்த அதே இடம். நாலு வயதுக் குழந்தை பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது, கயிறு இல்லாமலே. நீ ஓடும்போது அந்த அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், ஓடி முடித்ததும் சாவியை உருவி அவள் கைக்கு எட்டாத அலமாரியின் மேல் வைக்க வேண்டும், சாவி இல்லாவிட்டால் மெஷின் வெறும் பெஞ்சு.

ஒரு தரம் விழுந்தால் சென்னை என்பது நீ போட்ட சட்டம். அதை நான் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, விழுந்ததை மறைக்கவும் இல்லை, பத்தொன்பது நாள் தாமதம் மட்டும்தான். தீர்ப்பு உன் கையில். ஆனால் ஒன்று, என் தீர்ப்பைச் சொல்ல நீ போன் எடுக்கும் முன் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் அந்தக் கயிற்றை உன் சட்டையில் மாட்டி, ஜெர்லினைப் படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. கயிறு மாட்டாதவர்கள் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்றால் அந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு நீ இங்கே வா. முன்னறையில் டாடியின் மேஜை இருக்கிறது, கட்டிலும் போட்டு வைக்கிறேன்.

மிஷெலுக்கு மக்ரூன் அனுப்பியிருக்கிறேன், டப்பாவைத் திறந்தால் உடனே மூடச் சொல், அந்த ஊர் ஈரத்தில் நமத்துவிடும். ஜெர்லின் காதில் குளிர் படாமல் இருக்கட்டும். ஆண்டவர் உங்கள் மூவர் தலையிலும் கை வைத்துக் காப்பாராக, மாதா உங்கள் கால் இடறாமல் பார்த்துக்கொள்வாராக, மாதாவுக்கு நீங்களும் கொஞ்சம் உதவி செய்யுங்கள்.

மறந்துவிடாதே, முதலில் சாவி, அப்புறம் ஸ்விட்ச்.

தன் வீட்டில், தன் காலில் நிற்கும்
உன் மம்மி,
பேபி பர்னாந்து

பி.கு.: எழுதி முடிக்கும்போது மணி ஆறு அடித்தது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். தரையும் நின்றது.