காளை தின்ற பொங்கல்

மாதவரம்
17-1-1955

வருவேன் என்றுதான் நேற்று வரை இருந்தேன், அம்மா. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே பண்ணையில் ஆராய்ச்சிக்காக நான்கு காளைகளுக்கு இருபத்தொரு நாள் சோளத்தட்டை மட்டும் போடுகிறோம். போடுவதையும் நிறுக்கிறேன், சாணத்தையும் நிறுக்கிறேன். அதிலிருந்து இதைக் கழித்தால், உடம்பில் சேர்ந்தது எவ்வளவு என்று தெரியும். வேறெதையும் அவை தின்னக்கூடாது. அவை கட்டுத்தறியை விட்டு நகர்வதில்லை, நானும்தான்.

முந்தாநாள் மாட்டுப் பொங்கல். தொழுவம் கூட்டும் பச்சையம்மா, இரண்டாம் நம்பர் காளைக்கு இலை நிறையப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா மொறைக்கிற? அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு கீதுல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. சொல்லாமலிருந்தால் நாளன்றைக்கு வேலை முடியும். தங்கச்சி சிவந்தியின் கல்யாணத்துக்கு ரயிலேறலாம். சொன்னால் முதலிலிருந்து இருபத்தொரு நாள். கல்யாணம் தை இருபது.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், துவைக்காமல் இருந்தாலும் சரி. போர்த்திக்கொள்ள வேண்டும். நான் வரமுடியாததை சிவந்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்
ஜெயக்கொடி

இதை ஒட்டுமுன் ஆராய்ச்சி நோட்டில் எழுதிவிட்டேன்: "இரண்டாம் நம்பர் காளை பொங்கல் தின்றது." பச்சையம்மாவின் பெயரை எழுதவில்லை.