மூன்றாம் அடி

கூத்தாநல்லூர்
18.10.1994

அன்பு மகன் நௌஷாதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குக் காது போய்விட்டதாக உன் தங்கை பர்வின் போனில் உன்னிடம் சொன்னாளாம். அது உண்மையில்லை. எதிர்வீட்டு மிக்சி நிற்பதுகூட எனக்குக் கேட்கிறது. ஆனால் ஒரு காரணத்தோடுதான் அவளிடம் நான் மறுக்கவில்லை. உன் போனுக்கு நான் வராததும் அதே காரணத்தால்தான்.

ஷார்ஜாவுக்கும் நம் வீட்டுக்கும் இத்தனை வருடமாக ஒரே கேசட்தான் போய் வந்தது. உன் அத்தா பேசி அனுப்புவார். நீ கேட்டுவிட்டு அதன்மேலேயே பேசித் திருப்பி அனுப்புவாய். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், வயல் என்ஜின் தட்டுவதைத் தாளமாக வைத்து அவர் ஒரு பாட்டுக் கட்டினார். மூன்றாம் அடி இடிக்கிறது, காகிதத்தில் எழுதினால் திருத்தலாம் என்றேன். "அதான் டேப்புல இருக்குல்ல மெஹராஜ்" என்றார். லீவு முடிந்து ஷார்ஜா திரும்பிய நெய்னா முகம்மது அதை உன்னிடம் கொண்டுவந்தான்.

உன் பதில் கேசட் வந்தபோது அவர் மவுத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது. செய்தி எட்டுமுன் நீ பேசியது அது. "அத்தா, பாட்டு நல்லாருந்திச்சு. ரூம்ல எல்லாத்துக்கும் போட்டுக் காட்டுனேன். இன்னொரு தடவ பாடி அனுப்புங்க" என்கிறாய். அடுத்த முறை சி.டி. பிளேயர் கொண்டுவருவதாகவும், அது தேயவே தேயாது என்றும் சொல்கிறாய். நீ முடித்த பிறகும் நாடா ஓடியது. கடைசியில் அவர் குரல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "போதும், அமத்து."

நான் அழவில்லை. நாடாவில் பூசியிருப்பது இரும்புத் தூள். காந்தம் கடைசியாக எப்படி அடுக்கியதோ அப்படியே நிற்கும். கான்வென்டில் காந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். பழைய அடுக்கைத் திரும்பக் கொண்டுவரும் வழி அந்தப் பாடத்தில் இல்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில், "அம்மா, அத்தா பாட்டப் போடுங்கம்மா" என்றாள் பர்வின். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உரக்கக் கேட்டாள். அதற்கும் திரும்பவில்லை. அன்றிலிருந்து நான் செவிடு. கேசட் என் அலமாரியில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறதென்று நம் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

சம்பா நடவு முடிந்தது. வயலைப் பார்த்துக்கொள்ளும் சிங்காரவேலு என்ஜினைப் போடும்போதெல்லாம் தாளம் வருகிறது, சொல் வருவதில்லை. மூன்றாம் அடி இடித்தது நினைவிருக்கிறது. அந்த அடி நினைவில்லை.

நீ இதை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்காதே. அறையில் கேட்டவர்களையும் விசாரி. பாட்டில் நினைவிருப்பதை மட்டும் எழுது. மறந்த இடத்தில் நீயாகச் சொல் போடாமல் கோடு போட்டுவிடு. இடிக்கிற அடியைத் திருத்தாதே.

அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருப்பானாக. போன் வேண்டாம், கேசட் வேண்டாம். பதிலைக் காகிதத்தில் எழுது.

உன் அம்மா
மெஹராஜ் பேகம்