கெர்லினின் இழுப்பறை

ஆகஸ்ட் 3, புதன்

இன்று மடிப்புப் பாவாடை வகுப்பு. காலையில் மழை பெய்ததால் சுவர்களிலிருந்து காப்பி வாசனை கிளம்பிவிட்டது. காப்பிக் கிடங்காக இருந்த இடம் தையல் பட்டறையாகி இரண்டு வருடமாகிறது, இன்னும் அந்த வாசனை போகவில்லை.

இஸ்லாந்த் அக்கா சாக்குக்கட்டியால் மேசையைத் தட்டினாள். "மடிப்பு ஒண்ணு கோணினாலும் பாவாடையே நம்மளப் பாத்துச் சிரிக்கும். பிரி. மறுபடி தை." அவளுக்கு வயது இருபத்திரண்டு. இங்கே எல்லோருக்கும் மூத்தவள் அவள்தான்.

மலையடிப் பள்ளியின் சீருடை வேலை எங்களுக்கே கிடைத்துவிட்டது! எல்லாப் பாவாடைகளும் மெரூன் நிறம், செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் வேண்டும். முதல் பெரிய வேலை. கெர்லின் செய்தி கேட்டதும் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தே ஆடினாள். அவளுக்கு இது வேலை மட்டும் இல்லை. இந்தக் கூலி வீட்டுக்குப் போகாவிட்டால் அவள் அம்மா அவளை, வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மதாம் லியோனியுடன் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிவிடுவாள், அங்கே யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்க. கெர்லினுக்குப் பதினெட்டு வயது. நான் அவளுக்கு எழுத்துக் கற்றுத் தருகிறேன். அவள் எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுத் தருகிறாள். இருவருமே மெதுவாகத்தான் முன்னேறுகிறோம்.

சனிக்கிழமை என் வியாபாரப் பாடம். தலைநகரில் எனக்குப் பயிற்சி தந்தவர்கள் கொடுத்த கையேட்டில் அடுத்த பக்கம்: "வாங்குவதற்கு முன் மூன்று பேரிடம் விலை கேள்." சந்தைக்கே அழைத்துப் போய்க் கற்றுத் தரப் போகிறேன்.

ஆகஸ்ட் 6, சனி

பாடம் நன்றாக நடந்தது. எல்லோரும் போய் விலை கேட்டார்கள். வண்டி நிறுத்தத்தின் அருகே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே புதிதாக ஒருவன் கடை போட்டிருக்கிறான். அதே மெரூன், விலை குறைவு. அவனிடம் பாதித் துணிதான் இருந்தது, மீதியை அடுத்த வாரம் தருவதாகச் சொன்னான். வாங்கிவிட்டேன்.

திரும்பும்போது துணிக்கட்டு கெர்லின் தலையில் இருந்தது. துணிக்கடை வரிசை வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"புத்தகம், வேற சந்து வழியா போயிரலாம்டி." (என் பெயர் நயீகா என்பதையே இங்கே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.)

"எதுக்கு? திருடிக்கிட்டா வர்றோம்?"

"மதாம் தெர்சீன் நம்ம வாடிக்கை."

அது எனக்கும் தெரியும். நூல், பொத்தான், உள்துணி எல்லாம் இரண்டு வருடமாக அவளிடம்தான். போகும்போதெல்லாம் கொசுறாக ஏதாவது வைப்பாள். ஆனாலும் நேராகவே நடந்தேன். மதாம் தெர்சீன் பக்கத்துக் கடைக்காரியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். தலைச்சுமையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. எழுந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் அந்த நாற்காலியே கண்ணில் நின்றது. விலை கேட்பதில் என்ன தவறு?

ஆகஸ்ட் 17, புதன்

தலைநகர்ச் சாலையைத் துப்பாக்கிக்காரர்கள் மறுபடி அடைத்துவிட்டார்கள். சரக்கு வரவில்லை. நீலத் தார்ப்பாயும் இல்லை, அதைக் கட்டியிருந்த கயிறு மட்டும் கம்பத்தில் தொங்குகிறது.

ஊர் முழுக்க அலைந்தோம். ஒரு கடையில் மெரூன் என்று காட்டினார்கள். மாட்டு ஈரல் நிறம். பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரிச் சகோதரி துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே வரிசையில ரெண்டு நிறம் நிக்க முடியாது, பிள்ளைங்களா. முழுசும் குடுங்க. இல்லன்னா வேற தையல்காரியப் பாத்துக்கறேன்."

பாதிப் பாவாடைகள் தைத்து, மடித்து, அடுக்கியிருக்கின்றன. பாதியை யார் வாங்குவார்கள்?

ஆகஸ்ட் 20, சனி

இஸ்லாந்த் அக்கா மதாம் தெர்சீனிடம் போனாள். சந்தையிலேயே அந்த மெரூன் அவளிடம்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அக்கா முகம் சிவந்து திரும்பினாள்.

"'துணியா? நான் வெங்காயம் விக்கறவளாச்சே'ங்கறா. மடி நிறைய பொத்தான வச்சுக்கிட்டு! 'மலிவு வேணும்னா நீலத் தார்ப்பாய்க்குப் போ மகளே, என்கிட்ட எல்லாம் ஆனை விலை'ன்னு சொல்றா. வரிசையே சிரிக்குது."

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, புதன்

கெர்லினின் அம்மா வந்திருந்தாள். கடைசிப் பிள்ளை இடுப்பில். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தச்சு அடுக்கி வச்சிருக்கீங்க, அழகாத்தான் இருக்கு. அத வேகவச்சுத் திங்க முடியுமா? மதாம் லியோனி அடுத்த மாசம் பதினொண்ணாந் தேதி வண்டி சொல்லியிருக்கா."

கெர்லின் தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் இல்லை. கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 27, சனி

கெர்லின் தன் கைக்காசில் மதாம் தெர்சீனிடம் ஒரு நூற்கண்டு வாங்கி வந்தாள். பேரம் பேசவில்லை. துணியைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

"ஏன்டி கேக்கல?"

"கோவிச்சுக்கிட்ட வாடிக்கைகிட்ட கேக்கக் கூடாது. போகணும், வாங்கணும், வரணும். அவளா மனசு இறங்கி எடுத்துத் தரணும்."

"எத்தனை நாளைக்கு?"

"அது அவ கையில."

கையேட்டில் இப்படி ஒரு பக்கமே இல்லை.

செப்டம்பர் 3, சனி

"நீயும் வாயேன், புத்தகம்." கெர்லின் வாசலில் நின்று கேட்டாள். பாடம் தயாரிக்க வேண்டும் என்று சொன்னேன்.

இங்கேயாவது உண்மையை எழுதலாம். பயம். வரிசையே சிரிக்கும். என்னைக் கண்டால் மதாம் தெர்சீனின் கோபம் இன்னும் ஏறும் — இதை நம்பித்தான் சொல்கிறேனா?

அவள் நூற்கண்டோடு வந்தாள். கொசுறு இல்லை. துணியும் இல்லை.

செப்டம்பர் 10, சனி

மூன்றாவது நூற்கண்டு. அவ்வளவுதான்.

கெர்லின் தன் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டாள், துடைத்தாள், நூற்கண்டுகளை இழுப்பறையில் வைத்து மூடினாள். பிறகு என் பலகையை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதிக் காட்டினாள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான்.

"எல்லையில கையெழுத்துக் கேப்பாங்களாம்ல," என்றாள்.

செப்டம்பர் 11, ஞாயிறு

போயிட்டா.

வண்டி பூசைக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு. நான் ஓடினேன். வறுத்த வாழைக்காய் கொண்டுபோனேன், அவளுக்குப் பிடிக்கும்னு. அது கையிலயே ஆறிப்போச்சு. எழுத முடியல.

செப்டம்பர் 14, புதன்

பள்ளிகள் அக்டோபரில்தான் திறக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். மூன்று நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? இஸ்லாந்த் அக்கா வானொலியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

செப்டம்பர் 17, சனி

போனேன். கெர்லின் செய்ததையே செய்வோம், வேறு என்ன தெரியும் எனக்கு? மெரூன் நூல் ஒன்று கேட்டேன். மதாம் தெர்சீன் என்னைப் பார்க்காமலே கண்டை எடுத்தாள்.

"எங்க அந்த ஒல்லிக்குச்சி? இந்த வாரம் வரலயா?"

"எல்லை தாண்டிப் போயிட்டா, மதாம். வீட்டு வேலைக்கு. பாவாடை முடியல, கூலி வரல, அவங்கம்மா அனுப்பிட்டாங்க."

கண்டு அவள் கையிலேயே இருந்தது. பக்கத்துக் கடைக்காரி ஏதோ கேலியாக ஆரம்பித்தாள். "வாய மூடுடி!" என்று ஒரு அதட்டல். வரிசையே அடங்கிவிட்டது. பிறகு எழுந்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்து சாக்கில் சுற்றிய உருளை ஒன்றை இழுத்தாள். பிரித்தாள்.

மெரூன். முழுக்கட்டு.

"ஜூன் மாசம் படகுல வந்துது. நீங்க சீருடை வேலைக்கு அலையறீங்கன்னு கேள்விப்பட்டு உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சேன். யாரும் கேக்கல, நானாத்தான் வச்சேன். வாடிக்கைன்னா அதான?" குரல் உடைந்தது, ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. "ஏன்டி, அந்தப் பொண்ண வாரா வாரம் அனுப்புனீங்களே, அவளா வாடிக்கைய அறுத்தா? என்னை விட்டுட்டு ஊரெல்லாம் விலை கேட்டவ நீ. தலை நிமிந்து என் முன்னால நடந்து போனவ நீ. நீ வருவன்னுதான் உக்காந்திருந்தேன். ஒரு தடவ வந்து நின்னிருந்தாப் போதுமேடி!"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கவில்லை. துணியை என் மடியில் வைத்தாள்.

செப்டம்பர் 29, வியாழன்

எல்லாப் பாவாடைகளும் முடிந்தன. சகோதரி மடிப்புகளைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். கெர்லினின் பங்கை அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "இப்ப வந்து என்ன," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 3, திங்கள்

பள்ளி திறந்தது. தெரு முழுக்க மெரூன். எது முதல் கட்டுத் துணி, எது இரண்டாவது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

கெர்லின் பேசினாள்! மதாம் லியோனியின் கைப்பேசியில், கொஞ்ச நேரம்.

"இந்த வீட்டுல மிஷின் ஒண்ணு இருக்குடி, புத்தகம். மின்சார மிஷின். பூப்போட்ட துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. தினமும் அந்தத் துணி மேல தூசி தட்டறேன். தொறக்கக் கூடாதாம்."

சிரித்தாள். மடிப்பெல்லாம் சரியாக விழுந்ததா என்று கேட்டாள். ஒரு பாவாடைகூட நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றேன். துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சொன்னேன். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றாள்.

நவம்பர் 26, சனி

புதிதாக வந்த பெண்களுக்கு இன்று விலை கேட்கும் பாடம். கையேட்டில் இருப்பதை வாசித்தேன். பிறகு அதை மூடிவிட்டு எல்லோரையும் மதாம் தெர்சீனிடம் அழைத்துப்போய், ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினேன். "இவளும் வாய்க்காரியா, உன்ன மாதிரி?" என்று ஒருத்தியைக் காட்டி மதாம் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நூல் வாங்கினேன். எப்போதும்போல் மேலே ஒரு கண்டு கொசுறாக வைத்தாள். "இது அவளுக்கு." ஒவ்வொரு சனிக்கிழமையும் இதையேதான் சொல்கிறாள்.

கெர்லினின் இயந்திரத்தில் இதுவரை யாரையும் உட்காரவைக்கவில்லை. கண்டை இழுப்பறையில் வைத்தேன். கண்டுகள் நிறைந்து, இழுப்பறை இப்போதெல்லாம் சரியாக மூடுவதில்லை.