ஈமன் இழுக்கும் மூச்சு

ஜூன் 11, 2025, புதன்

காலையில் நாலு போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினேன். மதியத்துக்கு மேல் சாரல். கடைக்கு ஆளே வரவில்லை. போனில் கேம் ஆட உட்கார்ந்தேன். ஈமன் கிடைத்துவிட்டான்! எட்டு மாதமாக ஆடும் இந்தச் சண்டை கேமில் இப்படியொரு மிருகம் எனக்கு அமைந்ததே இல்லை. ஓர் அணிக்கு நான்கு மிருகங்கள். கூட நிற்கும் மூன்றில் ஒன்று விழும்போதெல்லாம் ஈமனின் பலம் இரட்டிப்பாகிறது. அப்போது ஒரு சத்தம், யாரோ ஆழமாக மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

முத்துசெல்வியிடம் காட்டினேன். எதிர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள்; இந்த கேமை எனக்குப் பழக்கியதே அவள்தான்.

"கூட நிக்கதெல்லாம் சாவணும், இவன் வளரணுமாக்கும்? என்ன மிருகம்ட்டி இது, அஃப்ரின்?" என்றாள்.

ஜூன் 15

பதினேழு ஆட்டம். பதினேழும் ஜெயம். வேண்டுமென்றே மூன்று நோஞ்சான்களைச் சேர்க்கிறேன். எப்போது விழும் என்று காத்திருக்கிறேன்.

ஜூன் 19

உம்மா அடுக்களையில் கண்ணாடித் தம்ளரைத் தவறவிட்டாள். அது தரையில் படும்முன் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. என் போன் அணைந்து சார்ஜரில் கிடந்தது. பிரமையா?

ஜூன் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டுத் திரும்பும்போது படியெல்லாம் பாசி. முன்னால் முத்துசெல்வி, ஒரு படி பின்னால் நான். அவள் கால் வழுக்கியது. கை பின்பக்கமாக என்னைத் தேடி வந்தது. பிடித்திருக்கலாம். பிடித்திருக்கலாமே! நான் சும்மா நின்றேன். அந்தச் சத்தம் — உடம்பு முழுக்க ஏதோ நிறைவதுபோல — சந்தோஷம் மாதிரி. ச்சீ, என்ன எழுதுதேன் நான்?

அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "பாசி வழுக்குனா நீ என்னட்டி செய்வே?"

ஜூன் 23

பிடிக்காமல் நின்றதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் போட்டி. முப்பத்திரண்டு பேர். கடைசி ஆட்டம் எனக்கும் முத்துசெல்விக்கும். கட்டுப்போட்ட கையை மேசையில் கிடத்தி, போனை ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றைக் கையால் ஆடினாள்.

என் மிருகங்களில் ஒன்றைக்கூட அவள் வீழ்த்தவில்லை. தூங்க வைத்தாள், கட்டிப்போட்டாள். பத்து நிமிடம் முடிந்தால் யாருக்குப் பலம் அதிகம் மிச்சமோ அவருக்குத்தான் ஜெயம். அதில் அவள் முன்னால். யாரும் விழாததால் ஈமன் குட்டியாகவே நின்றான்.

இரண்டு நிமிடம் இருக்கையில்தான் கவனித்தேன். ஈமன் தன் கூட்டாளியையே அடிக்கலாம். தடை எதுவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒன்றை அடிக்கவிட்டேன். விழுந்தது. காதோடு அந்த மூச்சுச் சத்தம்.

போட்டியில் எல்லாப் போனிலும் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள்.

முத்துசெல்வி திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சத்தம் நீதாம்ட்டி போடுதே" என்றாள் மெதுவாக. "அன்னைக்குப் படியிலயும் போட்டே. என் பிடரியில காத்து பட்டுது."

"தெரியுமா உனக்கு?"

"நீ என் கையப் பிடிப்பேன்னுதான் நெனச்சேன்."

என் வாய் திறந்தபடியே இருந்தது. நெஞ்சு கொள்ளாமல் காற்று. இன்னும் இரண்டு கூட்டாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடித்தால் ஜெயம். விரல் அங்கேதான் போயிற்று. மற்ற கையால் அதை இழுத்து, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவள் ஜெயித்தாள். எனக்குக் கை கொடுக்கவில்லை.

ஜூலை 7

ஈமனை அழித்துவிட்டேன். மூச்சுவிடவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

கட்டுப் பிரிக்க நானும் வரட்டுமா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து "வா" என்று ஒரே சொல்லில் பதில்.

ஆஸ்பத்திரி மாடியில் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். கை வெளுத்து மெலிந்திருந்தது. "மன்னிச்சிருட்டி" என்றேன். "ம்" என்றாள்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்றாள். நானும் நின்றேன்.

"நீ முன்னால போ" என்றாள்.

இறங்கினேன்.