ஏரியைச் சுற்றி வந்த தகவல்

தொம்மலூர்,
12.8.2005

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் முட்டிவலியும் அப்பாவின் சர்க்கரையும் எப்படி? நான் சுகம்.

ஆராய்ச்சிக்காக ஏரிக்கரை நெடுக, தண்ணீரை அளந்து ஆபீசுக்குத் தகவல் அனுப்பும் சென்சார் பெட்டிகள் வைத்திருக்கிறோம். எந்தப் பெட்டிக்கும் முழு வழி தெரியாது. பக்கத்துப் பெட்டிகளில் எது ஆபீசுக்குக் கிட்டேயோ, அதனிடம் தகவலைக் கொடுத்துவிடும். போன வாரம் ஒன்றும் வந்து சேரவில்லை. போய்ப் பார்த்தால், ஆபீசுக்கு மிகக் கிட்டே இருந்த பெட்டியிலேயே எல்லாம் நின்றிருந்தது. நடுவில் ஏரி; ஆபீஸ் இருக்கும் அக்கரைக்கு அந்தப் பெட்டியின் சிக்னல் எட்டவில்லை. "பின்னாடி பாக்ஸுக்கே திருப்பிக் குடும்மா, சுத்திக்கிட்டு வரட்டும்," என்றார் ஆராய்ச்சியை நடத்தும் க்ளென் சார். வந்துவிட்டது. சேற்றில் என் செருப்பு ஒன்று போனதோடு சரி.

இட்லிப் பொடி அனுப்புங்கள். ஒருத்திக்குத்தானே, கொஞ்சம் போதும்.

கல்யாணம் வேண்டாமென்று இங்கே வந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. நீங்கள்தான் அவருக்கு மிகக் கிட்டே என்று எல்லாவற்றையும் உங்களிடமே சொன்னேன். "நேரம் பாத்து சொல்றேன்டி" என்பீர்கள். கோபமில்லை. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லி, இந்த முறை அரக்கோணம் பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன்.

பஸ் வந்துவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்வேன். மணி அடித்தால் நீங்கள் எடுக்காதீர்கள், அம்மா.

ஜெமிமா