நைனா கட்டவைத்த காப்பு

நகரி
8.5.2003

அன்பு மகள் கலைவாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், அங்கே சிங்கப்பூரில் உன்னையும் மாப்பிள்ளையையும் அந்தச் சார்ஸ் காய்ச்சல் அண்டாமல் நம் அம்மன் கங்கம்மா பார்த்துக்கொள்ளட்டும், வயிற்றில் இருக்கிறவரையும் விசாரித்ததாகச் சொல். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ எங்கே என்னைப் பேச விடுகிறாய், ஹலோ சொல்வதற்குள் 'வர வேணாம்மா' என்று ஆரம்பித்துவிடுகிறாய், கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி, காலைத் தொங்கப் போடாதே, வீங்கும்.

பிரசவத்துக்கு நான் வர மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பினாலும் அனுப்பினார், நம் தெருவே டாக்டராகிவிட்டது. எதிர்வீட்டு வெங்கடம்மா, 'இடுப்புல வேப்பிலையச் சொருகிக்கினு போக்கா, எந்தக் காய்ச்சலும் கிட்ட வராது' என்கிறாள். ஏரோப்ளேனில் வேப்பிலையோடு ஏறினால் சாமி வந்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள் என்றேன். உன் நைனா அதற்கும் மேல், டிவியில் சிங்கப்பூர் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தறியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார். முகத்தில் துணி கட்டியவர்களைக் காட்டும்போதெல்லாம் 'பாத்துக்கோ, நீயும் இப்டித்தான் மூச்சு முட்டிக்கினு திரியணும்' என்று எனக்குப் பயம் காட்டுகிறார். நெய்கிற வீட்டுக்காரிக்கு மூக்கில் கட்ட ஒரு முழம் துணி கிடைக்காதா என்று கேட்டேன். அங்கே ஏர்போர்ட்டில் காய்ச்சல்காரர்களைச் சிவப்பாகக் காட்டுகிற கேமரா இருக்கிறதாம், அதில் நான் மாட்டிக்கொள்வேன் என்கிறார். நகரியில் இந்த மே மாத வெயிலில் அதைக் கொண்டுவந்து வைத்தால் ஊர் மொத்தமும் சிவப்பாகத்தான் தெரியும்.

இதெல்லாம் பலிக்கவில்லை என்றதும் அவர் செய்த வேலையைக் கேள். போன செவ்வாய்க்கிழமை நம் தெருவில் கங்கம்மா ஜாத்திரை சாட்டினார்கள். என்றும் இல்லாத திருநாளாக எனக்கு முன்னால் குளித்துவிட்டு, 'வா, பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு வேண்டிக்கினு காப்பு கட்டிக்கலாம்' என்றார். மனுஷனுக்கு எவ்வளவு பக்தி என்று நானும் உருகிப்போய்க் கையை நீட்டினேன், பூசாரி கங்கையா மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். வீடு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூர் போனதில் உனக்கு மறந்திருக்கும், காப்பு கட்டினவர்கள் ஜாத்திரை முடிந்து அதை அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என் டிக்கெட்டோ அதற்கு முந்தின வாரம். நான் திரும்பிப் பார்த்தால் உன் நைனா ஒன்றும் தெரியாதவர் போலப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் தான் வெட்டின குழியில் தானும் விழுந்தார், ஜோடியாக வந்தவர்களுக்கு ஜோடியாகத்தான் கட்டுவேன் என்று கங்கையா அவர் கையிலும் கட்டிவிட்டார். சித்தூர் கரண்ட் ஆபீஸுக்குப் போக வேண்டிய வேலை அப்படியே நிற்கிறது, நூல் கொண்டுவருகிற லாரிக்காரனிடம் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்திக் கத்திப் பேசுகிறார், தொண்டை கட்டிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கங்கையாவிடம் போய் இன்ன மாதிரி, மகளுக்குப் பிரசவம், நான் போயாக வேண்டும் என்றேன். அவர் திடுக்கிட்டு, 'இன்னாம்மா இது, காப்போட இருக்கும்போது கொழந்த பொறந்தா உங்களுக்குத் தீட்டாச்சே, மொதல்லியே சொல்லியிருந்தா நான் கட்டியே இருக்க மாட்டேனே' என்றார். பின்னாலேயே வந்து நின்ற உன் நைனா விடவில்லை. 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல கங்கையா, கட்டிக் குடுத்த பொண்ணு வேற வூட்டுப் பொண்ணு, அவ பெத்தா நமக்கு ஏது தீட்டு' என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார், கலை. யாரோ அவரைத் திட்டின மாதிரி முகம் சின்னதாகிவிட்டது. அன்றைக்குச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. விடிந்ததும் என்னைக்கூடக் கூப்பிடாமல் கங்கையா வீட்டுக்குப் போய், 'எங்க பொண்ணு பெறப் போறா, எங்களுக்குத் தீட்டு உண்டு, வந்து அவுத்துடு' என்று கையோடு கூட்டி வந்துவிட்டார். அம்மன் முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்து இரண்டு பேருக்கும் அவிழ்த்தாகிவிட்டது. இப்போது உனக்காகத் திருப்பதியில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருக்கிறார். தலையில் இருக்கிற முடியைப் பார்த்தால் சாமிக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள் என்றால் மாப்பிள்ளையே போகட்டும், நான் வீட்டில் மிளகு ரசம் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். முகத்துக்குத் துணி கட்டு என்றால் கட்டுவேன், வெளியே போகாதே என்றால் போக மாட்டேன். திரும்பி வந்தாலும் கொஞ்ச நாள் யாரோடும் ஒட்டாமல் நம் மாந்தோப்பு ஷெட்டில் தனியாக இருந்துகொள்கிறேன், உன் நைனாவின் குறட்டை கேட்காமல் தூங்கின மாதிரியும் இருக்கும். பயம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் போன வருஷம் உனக்கு முதல் கரு தங்காமல் போனபோது, அழுதுகொண்டே போனில் என்ன சொன்னாய், 'நீ எதுக்கும்மா அவ்ளோ தூரம், வர வேணாம், நான் பாத்துக்கறேன்' என்றாய். அப்போது எந்தக் காய்ச்சலும் இல்லை, யாரும் காப்பும் கட்டவில்லை. நான் உன் பேச்சைக் கேட்டு இங்கேயே இருந்துவிட்டேன். நீ அங்கே யார் மடியில் தலை வைத்து அழுதாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இந்த முறை உன் பேச்சைக் கேட்பதாக இல்லை, வருகிறேன்.

ஸ்டூலில் ஏறி எதையும் எடுக்காதே, வெந்நீரே குடி, ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும். வேதநாராயணரும் கங்கம்மாவும் உன் தலைமாட்டில் இருந்து, தாயும் பிள்ளையும் வேறு வேறாக நல்லபடி பிரித்துக் கொடுக்கட்டும்.

உன்னைப் பெற்ற
தாட்சாயணி

உன் நைனா ஏதாவது எழுதட்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். 'நம்ம பொண்ணுன்னு எழுது, போதும்' என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.